டி.டி-214-ல் விட்டுப்போன போர்ப் பதக்கங்கள்: கேள்வி பதில்

அமெரிக்கப் படைகளிலிருந்து விலகும் நாளில் கையில் கொடுக்கும் சான்றுதான் டி.டி-214. வீட்டுக் கடனுக்கும் இதைத்தான் கேட்பார்கள், ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்வதற்கும் இதைத்தான் கேட்பார்கள். அதில் பதக்கங்கள் விட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

மாவ்னி (தேவையான மொழியோ திறமையோ உள்ள வெளிநாட்டினரைப் படையில் சேர்த்த அமெரிக்கத் திட்டம்) வழியாகத் தமிழ் தெரிந்தவன் என்ற தகுதியில் தரைப்படையில் சேர்ந்தேன் சார். 2011 மார்ச் முதல் 2012 ஜனவரி வரை ஆஃப்கானிஸ்தானில் இருந்தேன். டி.டி-214-ல் ஆஃப்கானிஸ்தான் பதக்கமே இல்லை. புதுப் படிவம் வாங்க முடியுமா?

புதுப் படிவம் பொதுவாகத் தரமாட்டார்கள். டி.டி-215 என்ற திருத்தத் தாள் வரும். அதைப் பழைய 214-உடன் சேர்த்தே வைத்திருங்கள், தனியாக அதற்கு மதிப்பு இல்லை.

முதலில் உங்கள் 214-ல் 18-ஆம் கட்டத்தைப் பாருங்கள். குறிப்புகள் எழுதும் இடம் அது. ஆஃப்கானிஸ்தானில் இருந்த தேதிகள் அங்கே இருந்தால் வேலை பாதி முடிந்தது. 13-ஆம் கட்டத்தில் தட்டச்சு செய்தவர் பதக்கத்தை விட்டிருக்கிறார், அவ்வளவுதான். தேதிகள் அங்கேயும் இல்லையென்றால் படையினருக்கான மில்கனெக்ட் இணையதளத்தில் நுழைந்து உங்கள் பணிக் கோப்பை இறக்குங்கள். வெளிநாட்டுப் பணிக்கான உத்தரவு, அந்த மாதங்களின் போர்முனைப் படித்தொகை வந்ததைக் காட்டும் சம்பளச் சீட்டு, இரண்டையும் எடுத்து வையுங்கள்.

இந்தப் பதக்கத்துக்குத் தொடர்ந்து 30 நாள் அல்லது விட்டு விட்டு 60 நாள் இருந்தால் போதும். ஆனால் பதக்கத்தை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். போர்க் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ரிப்பனில் ஒரு சிறு வெண்கல நட்சத்திரம் உண்டு. ஒரு கட்டம் 2011 ஜூன் 30-ல் முடிந்தது, அடுத்தது ஜூலை 1-ல் தொடங்கியது. நீங்கள் இரண்டிலும் இருந்திருக்கிறீர்கள். ஆகவே 'ஆஃப்கானிஸ்தான் கேம்பெயின் மெடல், இரண்டு கேம்பெயின் நட்சத்திரங்களுடன்' என்று முழுதாக எழுதுங்கள். உங்களுடையது மின்கோப்பு, அதனால் கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள ராணுவ மனிதவளக் கட்டளையகத்துக்கு அனுப்புங்கள்.

என் மாமனார் அமெரிக்கர். 1968 மார்ச் முதல் 1969 மார்ச் வரை வியட்நாமில் பீரங்கிப் படையில் இருந்தார். அவருடைய 214-ல் மூன்று பதக்கங்கள்தான் இருக்கின்றன. அவருக்காக நான் எழுதலாமா? காம்பாட் பேட்ஜ் கிடைக்குமா?

படிவத்தை நீங்கள் நிரப்பலாம், கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும். ராணுவ ஆவணங்களைக் கேட்பதற்கான எஸ்.எஃப்-180 படிவங்கள் திரும்பி வருவதற்குக் கையெழுத்து இல்லாததே பெரிய காரணம். அவர் காலத்துக்குப் பிறகு என்றால் மருமகள் என்ற உறவு செல்லாது. மகன் என்ற முறையில் உங்கள் கணவர்தான் கேட்க வேண்டும். எனவே அவர் இருக்கும்போதே, அவர் கையாலேயே முடித்துவிடுங்கள் அம்மா.

பேட்ஜ் விஷயத்தில் வீண் நம்பிக்கை தர விரும்பவில்லை. காம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜ் காலாட்படை, சிறப்புப் படைப் பணி எண் உள்ளவர்களுக்கு, அதுவும் காலாட்படைப் பிரிவில் இருந்து நேரடித் தரைச் சண்டையில் ஈடுபட்டவர்களுக்கு மட்டும்தான். பீரங்கிக்காரர் எவ்வளவு குண்டு மழையில் நின்றிருந்தாலும் அந்த விதி வளையாது. மற்றவர்களுக்காக 2005-ல் வந்த காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் 2001 செப்டம்பர் 18-க்குப் பிந்தைய சண்டைகளுக்கே பொருந்தும். இது வருத்தம் தரும் பதில் என்று எனக்குத் தெரியும், ஆனால் இதைக் கேட்டு எழுதினால் மற்ற கோரிக்கைகளும் சேர்ந்து தாமதமாகும்.

அவருக்கு உரியவை வேறு இருக்கின்றன. பழைய படிவத்தில் 24-ஆம் கட்டத்தில் சுருக்கெழுத்தாக 'என்.டி.எஸ்.எம்., வி.எஸ்.எம்., வி.சி.எம்.' என்று ஒரே வரியில் அடித்திருப்பார்கள். முதலாவது நேஷனல் டிஃபென்ஸ் சர்வீஸ் மெடல், கடைசி வியட்நாம் கேம்பெயின் மெடல், நடுவில் உள்ளது வியட்நாம் சர்வீஸ் மெடல். அதன் நட்சத்திரங்களைக் கணக்கிடுவோம். 1968 ஜனவரி 30 முதல் ஏப்ரல் 1 வரை டெட் எதிர்த்தாக்குதல் கட்டம். ஏப்ரல் 2 முதல் ஜூன் 30 வரை நான்காம் எதிர்த்தாக்குதல், ஜூலை 1 முதல் நவம்பர் 1 வரை ஐந்தாவது, நவம்பர் 2 முதல் 1969 பிப்ரவரி 22 வரை ஆறாவது. பிப்ரவரி 23-ல் டெட் 69 கட்டம் தொடங்கிவிட்டது. ஆக ஐந்து. ஐந்து வெண்கல நட்சத்திரத்துக்குப் பதில் ஒரு வெள்ளி நட்சத்திரம் வைப்பார்கள்.

அடுத்து, அன்றைய தென் வியட்நாம் அரசு தந்த கேலன்ட்ரி கிராஸ் வித் பாம் (பனையோலைச் சின்னத்துடன்). இது பிரிவுக்கான விருது. 1974-ஆம் ஆண்டின் ராணுவப் பொது ஆணை எண் 8, 1962 பிப்ரவரி 8 முதல் 1973 மார்ச் 28 வரை வியட்நாமில் பணியாற்றிய தரைப்படைப் பிரிவுகள் அனைத்துக்கும் இதை வழங்கியது. அவர் படையை விட்டு வந்தபின் வெளியான ஆணை என்பதால் 214-ல் இருக்க வழியே இல்லை. அவருடைய பேட்டரிக்கு (பீரங்கிப் படையின் சிறு பிரிவு) வேறு பிரிவு விருதுகள் இருந்தால், பிரிவு விருதுகளின் பட்டியலான டி.ஏ பாம்ஃப்லெட் 672-3-ல் பட்டாலியன் எண்ணை வைத்துத் தேடலாம்.

கடைசியாக குட் கண்டக்ட் மெடல். மூன்று ஆண்டுப் பணிக்குத் தருவது என்றாலும், முதல் பணிக்காலம் முடிந்து வெளியேறுபவருக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தால் போதும். இரண்டாண்டு கட்டாயச் சேவைக்குப் போன ஏராளமானவர்களுக்கு இது விட்டுப்போயிருக்கிறது. டி.ஏ-20 என்ற பணி வரலாற்று அட்டையை வரவழைத்து 38-ஆம் வரியைப் பாருங்கள். நடத்தை, திறன் இரண்டிலும் வரிசையாக 'எக்ஸலன்ட்' என்று இருந்து, கமாண்டர் மறுப்பு எதுவும் கோப்பில் இல்லையென்றால் தைரியமாகக் கேளுங்கள்.

சர்வீஸ் மெடலில் வெண்கல நட்சத்திரம் என்றால் அதுதானே பிரான்ஸ் ஸ்டார் (Bronze Star) விருது?

இல்லை. ஒன்று ரிப்பனில் குத்தும் சிறு அடையாளம், மற்றது தனி விருது. 214-ல் இருப்பதைத் தவறாகப் படித்துவிட்டு 'என் பிரான்ஸ் ஸ்டார் எங்கே' என்று எழுதுபவர்கள் நிறைய.

எப்படி எழுதினாலும் பொதுவான பதில்தான் வருகிறது ஐயா. கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

'எனக்கு உரிய பதக்கங்கள் அனைத்தையும் சேர்க்கவும்' என்று எழுதியிருப்பீர்கள். கோப்பைத் திறப்பவர் அதில் ஏற்கெனவே இருப்பதைப் படித்துவிட்டு மூடிவிடுவார். விட்டுப்போன பதக்கம் மூன்று வகை, எது எந்த வகை என்று நீங்கள்தான் பிரித்துத் தர வேண்டும். ஒன்று, உத்தரவு போட்டு வழங்கப்பட்டு, 214-ல் ஏறாதது. அதற்கு உத்தரவின் எண்ணும் தேதியும் வேண்டும். இரண்டாவது, இந்த இடத்தில் இந்தத் தேதியில் இருந்தாலே சேர்வது. அதற்கு இருந்ததற்கான சான்று போதும். மூன்றாவது, யாராவது பரிந்துரைத்து மேலதிகாரி முடிவு செய்ய வேண்டியது. இதை மற்ற இரண்டோடு கலக்கவே கூடாது, தனி விண்ணப்பம்.

ஒரு பதக்கத்துக்கு ஒரு வரி. 'காம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜ். சிறப்பு உத்தரவு எண் இன்னது, தேதி இன்னது, இணைப்பு 2' என்று எழுதி, அந்த உத்தரவின் நகலில் உங்கள் பெயர் உள்ள வரியின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். நாற்பது பெயர் உள்ள பட்டியலில் உங்கள் பெயரை அவர்களைத் தேட வைக்காதீர்கள். அசல் தாளை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

1970-ல் வியட்நாமில் தோளில் குண்டுச் சிதறல் பட்டது. மெடிக் கட்டுப் போட்டார், மறுநாளே வேலைக்குத் திரும்பினேன். பர்ப்பிள் ஹார்ட் (போரில் காயமுற்றவர்களுக்கான பதக்கம்) இல்லை. காலம் கடந்துவிட்டதா?

கடக்கவில்லை. பர்ப்பிள் ஹார்ட் பரிந்துரையால் வருவதல்ல, தகுதி இருந்தால் உரிமை. நிரூபிக்க வேண்டியவை: காயம், அது எதிரியின் செயலால் வந்தது, மருத்துவப் பணியாளர் சிகிச்சை தேவைப்பட்டது, சிகிச்சை பதிவேறியது. பெரும்பாலான மனுக்கள் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் தோற்கும்.

தேட வேண்டிய இடங்களை வரிசையாகச் சொல்கிறேன். டி.ஏ-20 அட்டையின் 40-ஆம் வரி காயங்களுக்கானது. அது காலியாக இருந்தால் வியட்நாம் காயமுற்றோர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மருத்துவக் கோப்பு, கம்பெனி என்ற சிறு படைப் பிரிவு தினமும் எழுதிய ஆள் கணக்கான மார்னிங் ரிப்போர்ட். விலகும்போது நடந்த உடற்பரிசோதனையில் 'தோளில் தழும்பு' என்று ஒரு சொல் இருந்தாலும் உதவும், ஆனால் அது எதிரியால் வந்தது என்பதை அது சொல்லாது. கூட இருந்தவர்கள் இருவரிடம் வாக்குமூலம் வாங்குங்கள். எந்த நாள், எந்த இடம், அவர் எத்தனை அடி தள்ளி நின்றார், யார் கட்டுப் போட்டது என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். 'அவர் வீரர், இதற்குத் தகுதியானவர்' என்ற கடிதங்களால் பயனில்லை. முன்னாள் படைவீரர் துறை அந்தத் தோளுக்கு இழப்பீடு தருகிறது என்பதும் தனியே போதாது. அங்கே அளவுகோல் வேறு.

பக்கத்து வீட்டுப் பெரியவர் கொரியப் போருக்குப் போனவர், 1953-ல் விலகினார். கோப்பு எரிந்துவிட்டது என்று பதில் வந்தது. அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள். 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் பணியாளர் ஆவண மையத்தில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அழிந்தன. நகலோ மைக்ரோஃபிலிமோ கிடையாது. தப்பியவை ஓரம் கருகிய தாள்களாக இருக்கின்றன. நகல் எடுத்து அனுப்பினால் நாலு பக்கமும் கரிய விளிம்பு, நடுவில் மட்டும் எழுத்து தெரியும்.

எரிந்த கோப்பின் விவரங்களை மறுபடி திரட்டுவதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. அதில் கம்பெனி எழுத்து வரை எழுத வேண்டும். ரெஜிமென்ட் பெயர் மட்டும் தந்தால் மார்னிங் ரிப்போர்ட்டில் தேட முடியாது. கம்பெனியும் காயமோ இடமாற்றமோ நடந்த மாதமும் தெரிந்தால் தேட முடியும். பெரியவரிடம் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள். கடைசிச் சம்பளச் சீட்டுகள் தனியிடத்தில் இருந்ததால் தப்பின, 1950 முதல் 1954 வரையிலான மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகளும் உண்டு. அவர் ஊர் திரும்பியதும் கவுண்டி அலுவலகத்தில் சான்றைப் பதிவு செய்திருக்கலாம், முதலில் அங்கே கேளுங்கள். தென் கொரிய அரசின் போர்ப் பதக்கத்தை அணிய அமெரிக்கா 1999-ல்தான் ஒப்புக்கொண்டது. அதையும் பட்டியலில் சேருங்கள்.

தாத்தா 1945-ல் விலகினார். பேத்தி நான் கேட்கலாமா?

விலகி 62 ஆண்டு கடந்த கோப்பு யாருக்கும் திறந்தது, உறவு தேவையில்லை. கட்டணம் ஐந்து பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர். அதில் 1941 டிசம்பர் 7-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் காம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜோ காம்பாட் மெடிக்கல் பேட்ஜோ பெற்றதாக இருந்தால் கவனியுங்கள். அந்தப் பேட்ஜ் பெற்றவர்களுக்குப் பிரான்ஸ் ஸ்டார் உண்டு என்று 1947-ல் முடிவானது. அதற்குள் வீடு திரும்பிவிட்டவர்கள் பலர் கேட்கவே இல்லை.

மனு நிராகரிக்கப்பட்டது. டி.டி-293 போடட்டுமா?

வேண்டாம், அது விலகலின் தரத்தை மாற்றுவதற்கு. உங்களுக்கு வேண்டியது டி.டி-149. தரைப்படைக்கு ஒரு திருத்த வாரியம், விமானப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரைன்களுக்கும் சேர்த்து ஒன்று. நிராகரிப்புக் கடிதத்தை இணைக்காவிட்டால் 'முதலில் அங்கே கேள்' என்று திருப்பிவிடுவார்கள். பிழை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு கெடு. தாண்டியிருந்தால் ஏன் தாண்டியது என்று ஒரு பத்தி எழுதுங்கள், நீதியின் பொருட்டு வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம். அந்தப் பகுதியைக் காலியாக விடுவது பெரிய தவறு.

கேப்டன் என்னைச் சில்வர் ஸ்டார் என்ற வீர விருதுக்குப் பரிந்துரைத்தார், தாள் தொலைந்துபோனது.

மேலே சொன்ன மூன்றாம் வகை இது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகத்தான் போக வேண்டும், காலம் கடந்த பரிந்துரைகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் வழி அதுதான். டி.ஏ-638 படிவம், சம்பவ விவரம், கண்ணால் கண்டவர்கள் வாக்குமூலம் வேண்டும். கேப்டன் உயிரோடு இருந்தால் இன்றே தேடிப்பிடியுங்கள்.

215 வந்தது, பதக்கப் பெட்டியும் வந்தது. ஆனால் வியட்நாம் கேம்பெயின் மெடல் பெட்டியில் இல்லை. மறுபடி எழுதட்டுமா?

215-ல் இருக்கிறதல்லவா, அப்படியானால் எழுத வேண்டாம். அது அன்றைய தென் வியட்நாம் அரசின் பதக்கம், அமெரிக்க அரசு அதை வழங்குவதில்லை. ராணுவப் பதக்கங்கள் விற்கும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது ரிப்பனில் குத்த '1960-' என்று பொறித்த பட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.