மழைக்காலத்துல லாங்வுட் சோலை: 4 வயசுக் குழந்தையக் கூட்டிட்டுப் போலாமா?

திருப்பூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: தீபாவளி லீவுக்கு கோத்தகிரி போறோம், அங்க இருக்கற லாங்வுட் சோலைக் காட்டுக்குள்ள நடக்கணும்னு ஆசை, பசங்களுக்கு 4 வயசும் 7 வயசும், அங்க ஒரே சேறு, அட்டை வேற கடிக்கும்ங்கறாங்க, கூட்டிட்டுப் போலாமா, என்ன ஷூ வாங்கறது?

தாராளமா போலாம்ங்க. சேத்துல விழுந்து எந்திரிக்கறதெல்லாம் பசங்களுக்கு சந்தோஷம்தான், நான் பயப்படுறது குளிருக்கு. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், சோலைக்குள்ள வெயில் தரைக்கு வர்றதே கம்மி, நனைஞ்ச ஜீன்ஸும் காட்டன் பனியனும் சீக்கிரம் காயாது, சின்ன உடம்பு நம்மள விட வேகமா சூடு இழந்துடும். அதுலயும் நீங்க தூக்கிட்டு நடக்கற குழந்தைக்கு இன்னும் சீக்கிரம் குளிரும், ஏன்னா நடக்கற உங்களுக்கு வேர்க்கும், அது சும்மா உக்காந்திருக்கு. நல்லா ஓடியாடிட்டு இருந்த புள்ள திடீர்னு பேச்சைக் குறைச்சு, சிணுங்கி, கால் தடுமாறுச்சுன்னா அடம் பிடிக்குதுன்னு திட்டாதீங்க, அங்கயே ஈர டிரெஸ்ஸைக் கழட்டி உலர்ந்ததைப் போட்டு, தலைக்குக் குல்லா மாட்டி, சாப்பிட ஏதாவது குடுத்துட்டு உடனே திரும்பிடுங்க. அதனால ஆளுக்கு ஒரு முழு செட் துணியும் ரெண்டு ஜோடி சாக்ஸும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி பைக்குள்ள இருந்தே ஆகணும், இதுல மட்டும் எடை பாக்காதீங்க.

ஷூவுக்கு ரொம்ப செலவு வேண்டாம். அடியில ஆழமா வெட்டு இருக்கற, லேஸ் கட்டற ஷூ போதும். கம்பூட்ஸ், அதான் முழங்கால் கிட்ட வர்ற ரப்பர் பூட்ஸ், சமதரைக்கு நல்லா இருக்கும், சரிவுல குதிகால் தூக்கிக்கும், உள்ள தண்ணி போச்சுன்னா குழந்தையால காலைத் தூக்கவே முடியாது. க்ராக்ஸ் வேண்டவே வேண்டாம், சேறு இழுத்துக்கும். குட்டை வந்தா ஓரமா சுத்திப் போகச் சொல்லாதீங்க, ஓரத்துலதான் ஈர வேரும் இலைச் சருகும் வழுக்கும், நடுவுல இறங்கி நடக்கட்டும். இறக்கத்துல நீங்க ஒரு படி கீழ நின்னுட்டு கையப் பிடிச்சு இறக்குங்க, தோள்ல உக்கார வச்சுட்டு மட்டும் இறங்காதீங்க, நீங்க வழுக்கினா குழந்தை அவ்ளோ உயரத்துல இருந்து விழும்.

சேத்துல 4 வயசுப் புள்ளை ஒரு மணி நேரத்துக்கு 1 கிலோமீட்டர் நடந்தாலே பெருசு, அந்தக் கணக்குலயே பிளான் பண்ணுங்க. வனத்துறை 2024ல ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு சைட்லயே லாங்வுட் சோலைக்கு புக் பண்ணிக்கலாம், ஈஸி பாதைதான், கைடும் கூட வருவாங்க. அங்க காட்டெருமை நடமாட்டம் உண்டு, பசங்க முன்னாடி ஓடாம பாத்துக்கங்க. அந்த சீசன்ல நீலகிரிக்கு வடகிழக்குப் பருவமழை வேற, 2009 நவம்பர்ல மண்சரிவு எத்தனை உயிரை எடுத்துச்சுன்னு ஊருக்கே தெரியும், ஆரஞ்சு அலர்ட் வந்துச்சுன்னா புக்கிங் பணம் போனாலும் பரவால்லன்னு கேன்சல் பண்ணிடுங்க.

அட்டைக்கு, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிட்டு, நிக்கறப்பெல்லாம் கால் பாருங்க. கடிச்சிருந்தா உப்பு, தீக்குச்சி எதுவும் வேண்டாம், அது வயித்துல இருக்கறதைக் காயத்துக்குள்ளயே கக்கிடும். ஒல்லியா இருக்கற வாய்ப்பக்கம் நகத்தை வச்சு பக்கவாட்டுல தள்ளினா விட்டுரும். ரத்தம் உறையாம இருக்க அது ஒரு பொருளை விடுது, அதனால கொஞ்ச நேரம் வடியும், துணி வச்சு அழுத்திப் பிடிங்க, சோப்பு போட்டு கழுவுங்க.

அட்டையை விட நான் கவனிக்கச் சொல்றது கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு சின்னப் பூச்சி. புதர்லயும் புல்லுலயும் இருக்கும், ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் அதால வர்றதுதான், நம்ம தமிழ்நாட்டுல நிறையவே இருக்கு. புல்லுல உக்கார வைக்காதீங்க, ரூமுக்கு வந்ததும் குளிக்க வச்சு டிரெஸ்ஸை மாத்திடுங்க. ஒரு வாரத்துல இருந்து மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா அக்குள், தொடை இடுக்கு எல்லாம் பாருங்க, சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம், எப்படி இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டுக்குள்ள போயிட்டு வந்தோம்னு முதல்லயே சொல்லிடுங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரையிலயே சரியாகிடும்.