வீட்டுப் பெரியவர்களிடம் சாவைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது?

வயதான பெற்றோரிடம் அவர்களுடைய சாவைப் பற்றி எப்படிப் பேசுவது, ஊர்ச் சுடுகாட்டுக்கு அதில் பங்குண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சு தொடங்கியதே சுடுகாட்டில்தான். வீட்டில் அப்பா வாயெடுத்தாலே அம்மா, "விளக்கு வைக்கிற நேரத்தில் இது என்ன பேச்சு?" என்று அடக்கிவிடுவாள். காலை பத்து மணிக்கும் அதே பதில்தான்.

எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். சுடுகாடு வாய்க்கால் கரையில் இருக்கிறது. பெண்கள் தெருக்கோடியோடு நின்றுவிடுவார்கள். கட்டையும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே சேற்றைக் குழைத்துப் பூசி மூட்டம் போட நேரமாகும். அதுவரை மற்றவர்கள் பம்புசெட் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிப் பத்து நாளில் மருத்துவமனை எவ்வளவு பிடுங்கியது, யார் பெயருக்குப் பட்டா மாறவில்லை, எந்தப் பிள்ளை வரவேண்டும் என்று ஐஸ் பெட்டியில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் எல்லாம் அங்கே வெளியே வரும். அபசகுனம் என்று யாரும் வாயைப் பொத்துவதில்லை. பொத்தி என்ன செய்ய, எதிரிலேயே எரிகிறதே.

பெரியப்பாவுக்கு மூட்டம் போட்ட அன்று அப்பா என்னிடம், "தம்பி, எனக்கு அந்த மேட்டுப் பக்கம் பார். இங்கே ஐப்பசியில் தண்ணீர் நிற்கும், கட்டை பிடிக்காது" என்றார். நாற்றங்காலுக்கு இடம் பார்க்கிற அதே குரல். அந்தத் துணிச்சலில் நானும் கேட்டேன்: முடியாமல் போனால் மருத்துவமனையா, வீடா? "தொண்டையில் குழாய் வைக்கிற இடத்துக்கு என்னைக் கொண்டுபோகாதே." இரண்டு ஆண்டு கழித்து மருத்துவர் கேட்டபோது அந்த ஒரு வரிதான் என்னிடம் இருந்தது.

அப்பாவுக்கு எமனைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு. திருக்கடையூரில் சிவன் எமனை உதைத்தார். அறுபதும் எண்பதும் கொண்டாட எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். எங்களுக்குப் பக்கத்து ஸ்ரீவாஞ்சியத்திலோ எமனுக்குத் தனிச் சன்னதி. அவரைக் கும்பிட்ட பிறகுதான் சுவாமி. "அந்த மாவட்டத்தில் உதை, இந்த மாவட்டத்தில் முதல் மரியாதை. நான் இந்த மாவட்டக்காரன்" என்பார்.

சுடுகாட்டில் எல்லோரும் சமம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் ஊரில் சுடுகாடு இரண்டு. காலனிக்காரர்களுடையதற்குப் பாதையே கிடையாது. அடைமழைக் காலத்தில் நட்ட வயலுக்குள் இறங்கிப் பாடையைத் தூக்கிப் போகிறார்கள். 2016 ஜனவரியில் மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில், உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும் ஒரு தலித் முதியவரின் உடல் பொதுப்பாதை வழியே போக முடியவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் பேசுகிற நாங்கள் இதை மட்டும் பேசியதில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பெரியவர்களை எதிரே உட்காரவைத்துக் கேட்காதீர்கள், மிரண்டுபோவார்கள். இன்னொரு வீட்டுத் துக்கத்துக்குப் போய்த் திரும்பி வரும் வழியில் கேளுங்கள், அவர்களே சொல்வார்கள். கண்தானத்தில் விருப்பமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். பாடை கட்டும்போது யோசித்தால் நடக்காது.

அப்பா போனது பங்குனியில். மேட்டுப் பக்கமே கிடைத்தது. மூன்று மாதம் கழித்து அம்மா, "எந்த இடத்தில் வைத்தீர்கள்?" என்று கேட்டாள். அந்த ஊருக்கு வாழவந்து ஐம்பது ஆண்டாகியும் அவள் அந்தக் கரையைப் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் அழைத்துப் போனேன். விளக்கு வைக்கிற நேரம்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மேடுதான்" என்றாள்.

திரும்பும்போது வரப்பில் எனக்கு முன்னால் நடந்துகொண்டே சொன்னாள்: "தோடு இரண்டும் பேத்திக்கு. திருகாணி இறுகிக் கிடக்கிறது, அந்த நேரத்தில் காதைப் பிய்த்துவிடாதீர்கள்."

அடுத்த வாரம் ஆசாரியிடம் காட்டித் தளர்த்திக்கொண்டு வந்தோம்.