‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனையில் வீடு கட்டலாமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, கிராமத்தில் வீடு கட்ட அனுமதி வாங்குவது பற்றியே. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கிராமத்தில் எங்கள் சொந்த இடத்தில் வீடு கட்ட எதற்கு அனுமதி? அதெல்லாம் டவுனுக்குத்தானே?
(வாசகர், போளூர் அருகே)

கிராம ஊராட்சியிலும் வேண்டும். தாத்தா கட்டியபோது யாரும் கேட்கவில்லை என்பதெல்லாம் இப்போது எடுபடாது.

2014-இல் 3 சென்ட் மனை வாங்கினேன். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். தலைவர் கையெழுத்தும் சீலும் போட்ட வரைபடம் கையில் இருக்கிறது. இப்போது வீடு கட்டப் போனால், மனைப்பிரிவு அனுமதி எண் எங்கே என்று கேட்கிறார்கள்...
(வாசகர், திண்டிவனம் அருகே)

இந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். காரணம் இருக்கிறது. 1998-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டு போய், லெமன் சாதப் பொட்டலம் கொடுத்து, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களைக் காட்டி எனக்கும் ஒரு மனையை விற்றார்கள். பள்ளிக்கூடம், பூங்கா, கோயில் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. கீழே தலைவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார். பச்சை மையைப் பார்த்ததும் யாரோ கெசட்டட் அதிகாரி என்று நம்பி, 18,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனைப்பிரிவுக்கு, அதாவது லேஅவுட்டுக்கு, ஒப்புதல் தருவது நகர் ஊரமைப்பு இயக்ககம். டிடிசிபி என்று சொல்வார்களே, அதுதான். சென்னைப் பெருநகர் எல்லைக்குள் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். ஊராட்சித் தலைவர் தன் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வயலை மனையாக்க முடியாது. ஊராட்சி கட்டட அனுமதி தருவதுண்டு, அது வேறு. இந்த இரண்டையும் ஒன்றுபோலப் பேசித்தான் பல வருடம் ஊரையே ஏமாற்றினார்கள். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்றால் ‘அப்ரூவல் இல்லை’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டதும்தான் பலருக்கு விஷயமே தெரிந்தது. அப்புறம் 2017-இல் அரசு வரன்முறை விதிகளை, அதாவது ஒப்புதல் இல்லாத மனைகளைக் கட்டணம் வாங்கிச் சட்டப்படி முறைப்படுத்தும் விதிகளை, கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் பதிவான மனையாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உங்கள் பத்திரம் 2014 என்பதால் உங்களுக்கு வழி இருக்கிறது. முதலில் உங்கள் மனைப்பிரிவு முழுவதற்கும் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்திருக்கிறதா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். அக்கம்பக்க மனைக்காரர் யாராவது ஏற்கெனவே வாங்கியிருக்கலாம். இருந்தால், உங்கள் மனைக்கு மட்டும் வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி ஆணை வாங்கலாம். காலக்கெடுவை அரசு பல முறை நீட்டித்திருக்கிறது. இப்போது மனு வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நீர்நிலையிலோ புறம்போக்கிலோ விழுந்த மனையாக இருந்தால் எந்தக் கட்டணமும் அதைக் காப்பாற்றாது. அந்த ஆணை கைக்கு வந்த பிறகுதான் வீட்டு வரைபடம், மேஸ்திரி, செங்கல் எல்லாம்.

பட்டா என் பெயரில் இருக்கிறது. அது போதாதா?
(வாசகி, தாராபுரம்)

போதாது. நிலம் யாருடையது என்று பட்டா சொல்லும். அதில் வீடு கட்டலாமா என்று சொல்லாது. நஞ்சை என்று போட்டிருந்தால், கட்டுவதற்கு முன்னால் நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று இன்னொரு படி இருக்கிறது.

கான்ட்ராக்டர், ‘அனுமதிக்கு எல்லாம் சேர்த்து 60,000 கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். கொடுக்கலாமா? என் மனை 1,200 சதுர அடி, டிடிசிபி மனைதான்...
(வாசகர், ஒரத்தநாடு அருகே)

‘எல்லாம் சேர்த்து’ என்பதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போதே தொகை கொஞ்சம் இறங்கும்.

உங்களுக்குச் சுயசான்று முறையே, அதாவது விவரமெல்லாம் சரி என்று நீங்களே உறுதி சொல்லி அனுமதி வாங்கும் முறையே, போதுமே. 2024 ஜூலையில் அது தொடங்கியபோது வைத்த வரம்பு: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் அதிகபட்சம் ஒரு மாடியும், 7 மீட்டருக்குள் உயரம். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் ஏற்றிக் கட்டணத்தைக் கட்டினால் அனுமதி உடனே வந்துவிடும். யாரும் நேரில் வந்து பார்க்கக் காத்திருக்க வேண்டாம். கட்டணம் சதுர அடிக் கணக்கில், ஊராட்சிக்கு ஒன்று, பேரூராட்சிக்கு ஒன்று என்று இருக்கிறது. பணத்தை இணையத்தில் கட்டுகிறோம், ரசீது வருகிறது. ரசீதில் இல்லாத பணம் எங்கே போனது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஒன்று மட்டும் கவனம். சுயசான்று என்றால் சான்று சொல்வது நீங்கள். கான்ட்ராக்டர் தப்பான அளவைப் போட்டு ஏற்றினாலும் மாட்டிக்கொள்வது உங்கள் பெயர். ஓடிபி உங்கள் போனுக்கு வரும். வரைபடத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லாதீர்கள்.

தளம் போட்டாகிவிட்டது. கிராமத்தில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னதால் அனுமதி வாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. சுவரை அவர் எல்லையை ஒட்டியே எழுப்பிவிட்டோம்...
(வாசகர், ஊர் பெயர் வேண்டாம் என்கிறார்)

மேஸ்திரி சொன்னார் என்று நோட்டீஸுக்குப் பதில் எழுத முடியாது. தளம் போட லட்சக்கணக்கில் செலவழித்தவருக்கு ஊராட்சி அலுவலகம் வரை போய் ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை. வேலையை இன்றே நிறுத்துங்கள். நோட்டீஸில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதிவு பெற்ற பொறியாளரை வைத்து, கட்டியது கட்டியபடியே அளந்து வரைபடம் போட்டு விண்ணப்பியுங்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விடவில்லை என்றால் அந்தச் சுவரை இடிக்க வேண்டி வரும். பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள், வெட்டிவிட்டேன். அவர் செய்ததில் தப்பில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பணிக்கொடைப் பணத்தில் மனை வாங்கினேன். பத்திரப்பதிவு ஆயிற்று, வில்லங்கமும் சுத்தம். வீடு கட்ட விண்ணப்பித்தபோதுதான் அது மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடம் என்றார்கள். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது...
(வாசகி, அருப்புக்கோட்டை அருகே)

கூச்சப்பட வேண்டியது விற்றவர், டீச்சர். வில்லங்கச் சான்று பார்த்தீர்கள், பதிவு செய்தீர்கள். பலர் அதுகூடச் செய்வதில்லை. பூங்கா என்பது வில்லங்கத்தில் தெரியாமல் போகலாம். அது தெரிவது ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தில், பச்சையாகவோ கோடு போட்டோ.

அந்த வரைபடத்தின் சான்றிட்ட நகலை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வாங்குங்கள். தரத் தயங்கினால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பூங்காவையும் சாலையையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதன் நகலும் வேண்டும். கொடுத்துவிட்ட இடத்தை உங்களுக்கு விற்றிருந்தால் அது மோசடி. அந்த நகல்களோடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

கூடவே பணத்துக்கும் வழி தேடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். அந்த ஆணையத்தில் முறையிடலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு. சாலை, வடிகால் போட்டுத் தருவதாகச் சொல்லி மனை விற்பது சேவைதான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் 2 வருடக் கெடு உண்டு, இழுத்தடிக்காதீர்கள். புரோக்கர் வந்து ‘வேறு மனை மாற்றித் தருகிறேன்’ என்றால், பத்திரம் பதிவாகும் வரை புகாரை வாபஸ் வாங்காதீர்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் நெட்டிலிருந்து வீட்டு வரைபடம் எடுத்து 2,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?
(வாசகர், வந்தவாசி)

வேண்டாம். பொருட்காட்சியில் வீட்டு வரைபடப் புத்தகம் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கியவன் நான். அதில் எல்லா மனையும் ரூல் தடி வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். பிறகு வேறிடத்தில் நான் வீடு கட்டிய மனை முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 27. நில அளவை வரைபடத்தில் அது தெளிவாகவே போட்டிருந்தது. நான் அதைப் பிரித்துப் பார்த்தது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முடித்த பிறகு.