புரதம் கூடினால் வளர்ச்சி ஹார்மோன் வழியாகப் புற்றுநோய் வருமா?

கேள்வி: வயது 45, எடை 70 கிலோ, ஜிம்முக்குப் போகிறேன். தினமும் இரண்டு ஸ்கூப் வே புரோட்டீன், நான்கு முட்டை, 200 கிராம் கோழி, அரை லிட்டர் பால், சாதம், பருப்பு. புரதம் அதிகமானால் வளர்ச்சி ஹார்மோன் தூண்டப்பட்டுப் புற்றுநோய் வரும் என்கிறார்கள். பொடியை நிறுத்திவிடவா?

பதில்:

நிறுத்திவிடுங்கள். புரதத்துக்காகப் பயப்பட வேண்டியதில்லை, அளவுதான் எகிறியிருக்கிறது.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலுக்குப் போய், அங்கே ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். சாப்பாட்டில் புரதம் இல்லாவிட்டால் கல்லீரல் பிட்யூட்டரியின் பேச்சைக் கேட்காது. புரதக்குறைவால் உடல் வீங்கிய குழந்தைகளின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் ஏராளமாக இருக்கும், ஐஜிஎஃப்-1 அடிமட்டத்தில் கிடக்கும். புரதம், முக்கியமாகப் பால் புரதம் (உங்கள் வே பொடியும் அதுதான்), கூடினால் ஐஜிஎஃப்-1 ஏறும். ஏறிய ஐஜிஎஃப்-1 செல்களைப் பெருகச் சொல்கிறது. பழுதாகிச் சாக வேண்டிய செல்லையும் சாக விடாமல் பிடித்து வைக்கிறது. ஆபத்து அங்கேதான்.

தென் அமெரிக்க நாடான ஈக்வடாரின் தெற்கு மலைக் கிராமங்களில் லாரன் குறைபாடு உள்ளவர்கள் சுமார் நூறு பேர் இருக்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி வேலை செய்யாததால் ஐஜிஎஃப்-1 மிகக் குறைந்து குள்ளமானவர்கள். மருத்துவர் ஹைமே குவேரா-அகீர் இவர்களை 22 ஆண்டுகள் கவனித்து, முதுமை ஆய்வாளர் வால்டர் லோங்கோவுடன் 2011இல் முடிவுகளை வெளியிட்டார். இவர்களிடம் உயிரைப் பறிக்காத ஒரே ஒரு புற்றுநோய். அதே ஊரில் வாழ்ந்த உறவினர்களில் 17 சதவீதம் பேருக்குப் புற்றுநோய். லாரன் குறைபாடு உள்ளவர்களின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) மனித மார்பகச் செல்களை வைத்து ரசாயனத்தால் தாக்கியபோது டிஎன்ஏ முறிவு குறைந்தது, பழுதான செல்கள் தாமாகவே மடிந்தன.

உணவால் இதைக் குறைக்க முடியுமா என்றால், முடியும். 2008இல் வந்த ஒரு சிறிய சோதனையில், ஆறு பேர் கிலோவுக்கு 1.67 கிராமாக இருந்த புரதத்தை 0.95ஆகக் குறைத்தபோது, மூன்றே வாரத்தில் ஐஜிஎஃப்-1 194இலிருந்து 152க்கு இறங்கியது.

2014இல் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் முக்கியம். 50 முதல் 65 வயதில் கலோரியில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் சாப்பிட்டவர்களுக்கு, 10 சதவீதத்துக்குள் சாப்பிட்டவர்களைவிடப் புற்றுநோய் மரணம் நான்கு மடங்கு. தாவரப் புரதமாக இருந்தால் அந்த ஆபத்து மங்கிவிட்டது. 65க்கு மேல் முடிவு தலைகீழ்: அதிகப் புரதம் சாப்பிட்டவர்களே குறைவாக இறந்தார்கள். ஒரே ஒரு நாள் சாப்பாட்டைக் கேட்டுப் போட்ட கணக்கு என்பதால் "நான்கு மடங்கு" என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். போக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தட்டு. பொடி 48 கிராம், முட்டை 24, கோழி 45, பால் 16, சாதமும் பருப்பும் 35. மொத்தம் 168 கிராம், கிலோவுக்கு 2.4. நாளைக்கு 2,400 கலோரி என்றால் அதில் 28 சதவீதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்வது கிலோவுக்கு 0.83, உங்களுக்கு 58 கிராம். எடை தூக்குபவருக்கு 1.2 - 1.6 போதும். பொடியை விடுங்கள். முட்டை இரண்டு, கோழி 100 கிராம், பால் கால் லிட்டர், சாதம் பருப்பு வழக்கம்போல், மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல், 30 கிராம் வேர்க்கடலை. ஏறக்குறைய 92 கிராம் வந்துவிடும், கலோரியில் 15 சதவீதம். தசை கரையாது.

ஜிம்மில் யாராவது வளர்ச்சி ஹார்மோன் ஊசி தந்தால் தொடவே தொடாதீர்கள். புற்றுநோய் உள்ளவர்களுக்கு அதைப் போடக் கூடாது என்று மருந்தோடு வரும் குறிப்புத் தாளிலேயே இருக்கிறது. உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத கட்டி இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் 65 தாண்டிய அப்பா அம்மா இருந்தால் இதைப் படித்துவிட்டு அவர்கள் முட்டையைப் பிடுங்கிவிடாதீர்கள். அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். கீமோ சிகிச்சையில் இருப்பவருக்கு 1.5 வரைகூட. புற்றுநோயைப் "பட்டினி போட" நினைத்துப் புரதத்தை நிறுத்தினால் முதலில் கரைவது நோயாளியின் தசை.

ஐஜிஎஃப்-1 ரத்தப் பரிசோதனை செய்து அலைய வேண்டாம். கல்லீரல் கெட்டாலும் பட்டினி கிடந்தாலும் எண் குறையும். குறைவு என்பதே நல்ல செய்தி ஆகாது.

வேர்க்கடலை பற்றி ஒன்று. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலனும் மாதவனும் 1968இல் வெளியிட்ட எலிச் சோதனையில், அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சோடு, கேசின் என்ற பால் புரதத்தை உணவில் 20 சதவீதம் தின்ற எலிகளுக்குக் கல்லீரல் கட்டி வந்தது, 5 சதவீதம் தின்றவைக்கு வரவில்லை. இதை மட்டும் சொல்லிப் புரதத்தைப் பழிப்பவர்கள், குறைந்த புரதம் தின்ற எலிகள் நஞ்சு தாங்காமல் முன்னதாகவே செத்ததைச் சொல்வதில்லை. அந்த நஞ்சு பூஞ்சை பிடித்த கடலையில் இருப்பது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதுவானாலும் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுங்கள்.