மதுக்கடையும் ஊராரின் வாக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்னும் ஊரில் வேலை பார்க்கிறான். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே மதுக்கடையே கிடையாது என்றும், ஊரார் வாக்களித்த பிறகுதான் கடைகள் வந்தன என்றும் சொல்கிறான். மதுக்கடை வேண்டுமா, வேண்டாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்பார்களா என்ன? – வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் சொல்வது உண்மைதான். அமெரிக்கா முழுவதும் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, 1933 டிசம்பர் 5 அன்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 21ஆவது திருத்தம் நிறைவேறியதோடு முடிந்தது. ஆனால் அந்தத் திருத்தம் நாடெங்கும் மதுவைத் திறந்துவிடவில்லை. அனுமதிப்பதா தடுப்பதா என்னும் முடிவை மாநிலங்களிடம் விட்டது. மிசிசிப்பி 1966 வரை மதுவிலக்கைக் கைவிடவில்லை. வேறு பல மாநிலங்கள், நம் மாவட்டத்தைப் போன்ற, ஆனால் பெரும்பாலும் அதைவிடச் சிறிய கவுண்டிகளிடமும் ஊர்களிடமும் அந்த முடிவை ஒப்படைத்தன. ஆர்கன்சாவில் இதற்கான சட்டமே 1942இல் மக்கள் வாக்கின் மூலம் வந்ததுதான்.

பென்டன்வில் அமைந்திருக்கும் பென்டன் கவுண்டி பல பத்தாண்டுகள் மது விற்காத கவுண்டியாக இருந்தது. சாம் வால்டன் 1950இல் அந்த ஊர்ச் சதுக்கத்தில் ஒரு சிறு பலசரக்குக் கடையைத் திறந்தார். அதிலிருந்து வளர்ந்த சில்லறை வணிகப் பெருநிறுவனமான வால்மார்ட்டின் தலைமையகம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்நிறுவனத்துக்குப் பொருள் விற்பவர்களும் கணினித் துறையினரும் நாடெங்கிலும் இருந்து வந்து குடியேற, ஊர் வேகமாக வளர்ந்தது. மது வேண்டியவர்கள் வடக்கே மிசூரி மாநிலத்துக்கோ தெற்கே வாஷிங்டன் கவுண்டிக்கோ காரில் போய் வாங்கி வந்தார்கள். உணவகங்களோ, ‘தனியார் மன்றம்’ என்ற பெயரில் உரிமம் பெற்று, சாப்பிட வருபவரை உறுப்பினராகக் கணக்கு வைத்து மது பரிமாறின. தடை சட்டத்தில் மட்டுமே இருந்தது என்று சொல்லும் நிலைக்கு அது வந்துவிட்டது.

2012இல் வாக்கெடுப்புக் கோரிய இயக்கத்துக்குச் சாம் வால்டனின் பேரர்கள் இருவர் பெருமளவில் பணம் கொடுத்தார்கள். ‘நம் கவுண்டியின் டாலர் நம் கவுண்டிக்குள்ளேயே இருக்கட்டும்’ என்னும் பொருள்படும் பெயரையே அந்த இயக்கம் சூட்டிக்கொண்டது. அதிபர் தேர்தல் நடந்த 2012 நவம்பர் 6 அன்றே இந்தக் கேள்வியும் வாக்குச்சீட்டில் இடம்பெற்றது. மக்கள் விற்பனையை அனுமதித்தார்கள்.

அந்தப் பெயரை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். குடிப்பது நல்லதா, கெட்டதா என்னும் பேச்சே அதில் இல்லை. எந்த ஊர்க் கல்லாவில் பணம் விழ வேண்டும் என்பதுதான் கேள்வியாக முன்வைக்கப்பட்டது. மதுவைப் பற்றிய பெரும்பாலான உள்ளூர் வாக்கெடுப்புகளைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: அப்படியானால் வணிகர்கள் எல்லாரும் மதுக்கடைக்கு ஆதரவாகவும், தேவாலயங்கள் எதிராகவும் நிற்பார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. மது விற்காத கவுண்டியின் எல்லைக்கு அப்பால், சாலையோரத்தில் கடை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். பக்கத்துக் கவுண்டியின் தடைதான் அவருடைய முதலீடு. அது நீங்கினால் அவருடைய வாடிக்கையாளர்கள் தத்தம் ஊரிலேயே வாங்கிக்கொள்வார்கள். எனவே மதுக்கடைக்காரரே மதுக்கடை கூடாது என்று பணம் செலவழிப்பார். ஆர்கன்சாவில் 2014 நவம்பரில், மாநிலம் முழுவதும் விற்பனையை அனுமதிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்று வாக்குக்கு வந்து தோற்றது. அதை எதிர்த்த பிரசாரத்தில் தேவாலயங்களோடு எல்லையோர மதுக்கடைக்காரர்களின் பணமும் இருந்தது. மேடையில் கேட்டது போதகரின் குரல்தான். அவர் மனமறிந்து உண்மையாகவே பேசினார். அந்தக் குரலை ஊரெங்கும் கேட்கச் செய்த செலவில் ஒரு பங்கு வேறு நோக்கத்தோடு வந்தது. புரூஸ் யாண்டில் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1983இலேயே இந்தக் கூட்டைக் கவனித்து எழுதினார்: ஒரே தடையைப் பக்தர் அறத்துக்காகவும், கள்ளச் சரக்கு விற்பவர் ஆதாயத்துக்காகவும் ஆதரிப்பார்கள் என்பது அவர் கருத்து.

டெக்சஸ் மாநிலத்தின் லபக் நகரமும் இதற்குச் சான்று. நகருக்குள் மதுவைப் புட்டியாக வாங்கிச் செல்ல முடியாத காலத்தில், நகர எல்லைக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் மதுக்கடைகள் மட்டுமே வரிசையாக நின்ற ஒரு துண்டுக் கடைவீதி செழித்தது. 2009 மே மாதம் நகர மக்கள் வாக்களித்து உள்ளூர் விற்பனையை அனுமதித்ததும், அந்த வீதி இருப்பதற்கான காரணமே போய்விட்டது.

கையெழுத்து விதிகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஆர்கன்சாவின் அரசியல் சட்டத்தையே திருத்தக் கோரும் மனுவுக்கு, முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 10 விழுக்காட்டுக்குச் சமமான கையெழுத்துகள் போதும். ஆனால் ஒரு கவுண்டியில் மது விற்பனை குறித்து வாக்கெடுப்புக் கேட்பதற்கு, பதிவு செய்த வாக்காளர்களில் 38 விழுக்காட்டினர் கையெழுத்திட வேண்டும். மது வேண்டாம் என்பவர்களுக்கு இது பாதுகாப்பாகத் தோன்றலாம். ஆனால் சாதாரண மக்கள் கூடி அத்தனை கையெழுத்துகளைத் திரட்ட முடியாது. பணம் படைத்த ஒருவர் ஆள் வைத்துத் திரட்டினால்தான் முடியும். ஊரார் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் உரிமை, இப்படித்தான் செல்வந்தர் கைக்குப் போய்விடுகிறது.

கேள்வி: எங்கள் கடைவீதியில் இருக்கும் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். மூடினால் வீதியில் கூட்டம் குறைந்து நமக்கெல்லாம் நட்டம் என்று எங்கள் வணிகர் சங்கத்தில் சிலர் பேசுகிறார்கள். நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் நிற்பது? – வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: ‘நமக்கெல்லாம்’ என்று அவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். மதுக்கடையை ஒட்டி வாழும் வியாபாரம் தனி; உங்களுடையது தனி. தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், வறுத்த கடலை, ஆம்லெட், பரோட்டா ஆகியவற்றை விற்பவர்களுக்குக் கடை மூடினால் அன்றாட வருமானம் குறையும். அதை மறுப்பது நேர்மையாகாது. அவர்களில் பலர் வேறு முதல் இல்லாதவர்கள் என்பதால், மூடச் சொல்லும் மனுவிலேயே அவர்களுக்கு வேறு இடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மளிகை, துணி, பாத்திரம் விற்பவர்களின் நிலை இதற்கு மாறானது. உங்கள் கடைக்கு மாலையில் வர வேண்டிய பெண்கள் அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார்களா என்று பாருங்கள். சம்பள நாளில் உங்கள் பற்று வரவு நோட்டில் எத்தனை கணக்குகள் தீர்கின்றன, எத்தனை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகின்றன என்று பாருங்கள். கூலி வீட்டுக்குப் போகும் வழியில் முதலில் எந்தக் கடையைச் சந்திக்கிறது என்பது மளிகைக்காரருக்கு உயிர்ப் பிரச்சினை.

அரசு வருவாய் போய்விடுமே என்னும் வாதத்துக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அந்த வரியைக் கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பின்னாளில் மது திரும்பவும் வந்தது. ஆனால் விற்பனை வரி போகவில்லை. மதுவை எடுத்தால் வரி ஏறும் என்று உங்களை அச்சுறுத்துபவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் சங்கத்தில் வலியுறுத்துங்கள்: உங்கள் வீதியிலிருந்து எடுத்து அடுத்த தெருவில் வைக்கும் தீர்வுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டபோது, தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சாலையோரத்தை விட்டு அகல வேண்டியிருந்தது. அவற்றுக்கு மாற்றிடம் தேடியபோது, குடியிருப்புப் பகுதிகளில் இருந்த பெண்கள்தாம் 2017 ஏப்ரலில் திருப்பூர் அருகே சாமளாபுரம் போன்ற இடங்களில் தெருவில் இறங்க வேண்டியதாயிற்று.

கேள்வி: இந்தியாவில் எங்காவது இப்படி வாக்கெடுப்பு நடத்தி மதுக்கடையை மூட முடியுமா? நம் கிராம சபைத் தீர்மானம் போதாதா? – வாசகி, மணப்பாறை

பதில்: முடியும், நடந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஒரு கிராமத்தின் அல்லது வார்டின் பெண் வாக்காளர்களில் 25 விழுக்காட்டினர் எழுத்தில் கோரினால், அரசு இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள் இருக்கும்: நிற்கும் பாட்டிலும் படுத்த பாட்டிலும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் தடுமாறாமல் தன் முடிவைச் சொல்லிவிடலாம். பாட்டிலைப் படுக்கவைப்பது என்றால் கடையை மூடுவது என்று அங்கே ஊர்ப்பேச்சிலேயே வழங்குகிறது.

இராஜஸ்தானிலும் 1975ஆம் ஆண்டின் விதிகளில் இந்த உரிமை உண்டு. இராஜ்சமந்து மாவட்டத்தின் காச்பலி கிராமப் பஞ்சாயத்தில் 2016 மார்ச் 29 அன்று வாக்கெடுப்பு நடந்தது. பட்டியலில் இருந்த 2,886 பேரில் 2,039 பேர் வாக்களித்தார்கள். 1,937 பேர் கடையை மூடச் சொன்னார்கள். கடை மூடப்பட்டது.

தமிழ்நாட்டில் வாக்கினால் கடை மூடும் விதி கிடையாது. 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. கோயில், பள்ளி முதலியவற்றிலிருந்து நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் பிற இடங்களில் 100 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்பதே விதி. கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. ஆட்சியரிடமும் நீதிமன்றத்திலும் அதைச் சான்றாகக் காட்டலாம். எனவே நிறைவேற்றுவதைக் கைவிடாதீர்கள். ஆனால் அந்தத் தீர்மானம் மட்டுமே கடையின் கதவைச் சாத்திவிடாது. விற்பவரும் அரசு, விதி செய்பவரும் அரசு என்னும்போது, ஊராரின் வாக்குக்குச் சட்ட வலிமை இருப்பது மற்ற மாநிலங்களைவிட இங்கேதான் மிகவும் தேவைப்படுகிறது.

அத்தகைய விதியைக் கேட்கும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். மகாராஷ்டிரத்தில் வந்து வாக்களித்தவர்களில் பாதிப் பேர் மூடச் சொன்னால் போதாது. பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொல்ல வேண்டும். வாக்களிக்க வராதவர் கடை இருக்கட்டும் என்று சொன்னவராகவே ஆகிவிடுகிறார். பிழைப்புக்காக வெளியூர் போனவர், இறந்தும் பட்டியலில் பெயர் நீக்கப்படாதவர், அன்றைய கூலியை விட முடியாமல் வயலுக்குப் போனவர் என எல்லாருமே விற்பவர் பக்கம் எண்ணப்படுகிறார்கள். இது நியாயமன்று. குறைந்தபட்சம் இத்தனை பேர் வாக்களித்திருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டு, வந்தவர்களின் பெரும்பான்மையை முடிவாகக் கொள்வதே முறை. அதோடு, பட்டியலை முன்னதாகவே திருத்த வேண்டும். வாக்கெடுப்பு நாளை ஊதியத்துடன் கூடிய விடுமுறையாக அறிவிக்க வேண்டும். கடை இருக்கும் வார்டு மட்டுமல்லாமல், அந்தக் கடைக்கு ஆள் வரும் சுற்று வார்டுகளையும் வாக்கெடுப்பில் சேர்க்க வேண்டும். அடுத்த கிராம சபையில் தீர்மானம் எழுதும்போது கடையை மூடச் சொல்வதோடு நிறுத்தாமல், வாக்கெடுப்பு விதி வேண்டும் என்பதையும் இந்த நிபந்தனைகளையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.