சின்ன வயதில் கீமோ... நான் அப்பாவாக முடியுமா?

கேள்வி: என் வயது 27. ஒன்பது வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து, ஆறு மாதம் கீமோ எடுத்துக்கொண்டேன். நோய் திரும்பவில்லை. மீசை, குரல், தாம்பத்திய உணர்வு எதிலும் குறையில்லை. சீக்கிரமே திருமணம். ‘நீ அப்போ சின்னப் பையன், மருந்து ஒண்ணும் பண்ணியிருக்காது’ என்கிறார் அப்பா. நம்பலாமா டாக்டர்?

பதில்: ஒரு காலத்தில் டாக்டர்களும் உங்கள் அப்பா மாதிரிதான் நினைத்தார்கள். அது சரியில்லை தம்பி. விந்தணு உருவாவது பருவ வயதில்தான். ஆனால், அதற்கு மூலமான செல்கள் பிறந்தது முதலே விரைகளுக்குள் இருக்கின்றன, கீமோ அவற்றைத் தாக்கும். ஆண் ஹார்மோனைச் சுரப்பது வேறு வகை செல், அது அவ்வளவு சீக்கிரம் அழியாது. அதனால்தான் மீசையும் குரலும் நன்றாக இருக்கும் ஒருவருக்கு விந்தணு இல்லாமல் போவது உண்டு.

எல்லா கீமோவும் ஒன்றல்ல. வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவற்றால் நிரந்தர பாதிப்பு குறைவு. சைக்ளோபாஸ்பமைடு, புரோகார்பசின் இரண்டும்தான் எனக்குக் கவலை தருபவை. உங்களுக்குச் சிகிச்சை நடந்த காலத்தில் உங்கள் நோய்க்கு இவற்றைக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. மொத்தம் எவ்வளவு ஏறியது என்பதே முக்கியம். இதுபோன்ற மருந்துகளின் அளவை சைக்ளோபாஸ்பமைடு அளவாக மாற்றிக் கூட்டும்போது, உடல்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 4 கிராமுக்குள் இருந்தால் பலருக்கு விந்தணு உற்பத்தி தப்பிவிடும். அதைத் தாண்டத் தாண்ட ஆபத்து கூடும்.

என்னிடம் வந்த ஒருவர் தன் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். மடித்த இடத்தில் எழுத்தே தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு சுற்றின் மில்லிகிராமையும் இருவருமாகக் கூட்டினோம். முதல் பரிசோதனையில் அவருக்கு விந்தணு பூஜ்யம். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது நாலைந்து அணுக்கள் நெளிந்துகொண்டிருந்தன! அன்றே அவற்றை உறையவைத்துவிட்டோம். ஆண்டுகள் பல கழித்தும் உற்பத்தி திரும்புவது உண்டு.

ஆகவே, திருமணத்துக்கு முன்பே விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடிக்குக் குறைந்தால் எண்ணிக்கை குறைவு என்போம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டாதீர்கள். புது விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும், எனவே மூன்று மாதம் விட்டு மறுபடி பாருங்கள். விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் அவசியம். பூஜ்யமே வந்தாலும், மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள் தேடினால் சிலருக்கு அணு கிடைக்கிறது. விந்தணுவை ஊசிமூலம் நேராக முட்டைக்குள் செலுத்தும், 1992 முதல் இருக்கும் இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஓர் அணு போதும்.

பிறக்கும் குழந்தைக்குக் குறை வருமோ என்ற பயம் வேண்டாம். கீமோ எடுத்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் குறை கூடுதலாக வருவதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

மணக்கப்போகும் பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிப்போங்கள். அந்தப் பழைய ஃபைலை அவர்தான் பத்திரமாக வைத்திருப்பார்.