ஊரடங்கு ஒன்றுதான் வழியா?

கேள்வி: பெருந்தொற்று வந்தால் ஊரடங்கைத் தவிர அரசுக்கு வேறு வழியே இல்லையா?

பதில்: ஏன் இல்லை? 2020-ல் தென் கொரியா நாடு முழுவதையும் பூட்டவே இல்லை. 2015-ல் மெர்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தபோது பட்ட அடியால், பரிசோதனைக் கருவிகளுக்கு அவசர அனுமதி தரும் வழியை முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள். காரைவிட்டு இறங்காமலே, கண்ணாடியை மட்டும் இறக்கச் சொல்லி மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, தொற்றியவர் யார் யாரோடு பழகினார் என்று தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். சரி, அப்படியானால் ஊரடங்கே தப்பா? அதையும் சொல்ல மாட்டேன். நியூசிலாந்து மார்ச் மாதமே பூட்டியது, கூடவே சம்பள மானியமும் கொடுத்தது, ஜூனில் திறந்தது. ஊரடங்கால் கிடைப்பது அவகாசம்தான். அந்த அவகாசத்தில் படுக்கையும் ஆக்சிஜனும் சேர்க்காமல், தினக்கூலிக்காரர் கையில் பணமும் கொடுக்காமல், கதவை மட்டும் சாத்துவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.